எழுத்து நின்றுபோன சுவர்

அஸ்வானுக்குத் தெற்கே, ஷெல்லால் படகுத்துறை. காலையிலேயே போய்விடுவது நல்லது. நூபியப் படகோட்டிகளிடம் கட்டணம் பேசி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். படகு பாறைத்திட்டுகளைச் சுற்றித் திரும்பியதும், நைல் நீரிலிருந்தே எழுந்ததுபோல ஐசிஸ் தேவியின் கோயில் தெரிகிறது. பிலே கோயில் என்று பெயர். ஆனால், கோயில் இப்போது நிற்பது பிலே தீவில் அல்ல, அகில்கியா தீவில்.

1902-இல் அஸ்வானில் முதல் அணை எழுந்ததிலிருந்து, ஆண்டில் பல மாதங்கள் இந்தக் கோயில் மூழ்கிக் கிடந்தது. பயணிகள் தூண்களுக்கு நடுவே படகில் போய்ப் பார்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தூண்களின் தலைப்பில் கண்டு தீட்டிய பச்சையும் நீலமும் அந்தத் தண்ணீரோடு போய்விட்டன. பிறகு உயர் அணையும் வந்தது. இரண்டு அணைகளுக்கும் நடுவில் சிக்கிய கோயிலைக் காப்பாற்ற, 1970-களில் யுனெஸ்கோ துணையோடு தீவைச் சுற்றி இரும்புத் தடுப்பு எழுப்பி, நீரை இறைத்து, கோயிலைச் சுமார் 40,000 கற்களாகப் பிரித்தார்கள். அரை கிலோமீட்டர் தள்ளி, உயரமான அகில்கியாவைப் பிலேயின் வடிவத்துக்கே செதுக்கி, அங்கே மறுபடி அடுக்கினார்கள். 1980-இல் கோயில் திறந்தது. தண்ணீர் நின்ற கறை தூண்களில் இன்னும் இருக்கிறது.

கூட்டம் டிராஜன் மண்டபத்தின் பக்கம்தான் போகிறது. அழகான மண்டபம், மறுக்கவில்லை. என் மனம் நின்றது மேற்கே, ஹேட்ரியன் வாயிலில்.

அதன் சுவரில் மண்டுலிஸ் என்ற நூபியக் கடவுளின் உருவம். அருகே சில வரிகள். எகிப்தியச் சித்திர எழுத்தில் பொறிக்கப்பட்டவற்றில் நாள் தெரிந்த கடைசி வரிகள் இவைதாம். 394, ஆகஸ்ட் 24. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எழுதிய ஒரு கை இங்கே ஓய்ந்திருக்கிறது. ரோமப் பேரரசு பழைய வழிபாடுகளுக்குத் தடை போட்டுவிட்ட காலம் அது. தெற்கே இருந்த மக்கள் ஐசிஸை விடாமல் வணங்கியதால் இந்த எல்லைக் கோயிலில் மட்டும் பூசை தொடர்ந்தது. 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் இந்தக் கோயிலையும் மூடினார். உள்ளே தேவாலயம் வந்தது. கொத்திச் சிதைத்த தெய்வ முகங்களையும் புதிதாய்ச் செதுக்கிய சிலுவைகளையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய் மறைந்த பிறகு, 1822-இல் ஷாம்போலியோன் என்ற அறிஞர் இந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடிக்கும்வரை இந்தச் சுவர்கள் ஊமை. அவர் கிளியோபாத்ராவின் பெயரை அடையாளம் காண உதவியதும் இதே பிலேயிலிருந்து போன கல்தூண் ஒன்றுதான். அது இன்று இங்கிலாந்தில், ஒரு மாளிகைத் தோட்டத்தில் நிற்கிறது.

அந்தக் கடைசி வரிகளைப் பொறித்தவர் எஸ்மெத்-ஆகோம் என்ற பூசாரி. தன் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்திருக்கிறார். இது என்றென்றைக்கும் இருக்கட்டும் என்றும் எழுதியிருக்கிறார். தனக்குப் பின் இந்த எழுத்தை எழுத ஆளில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா? சுவருக்கு முன்னால் நின்று இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். துறையிலிருந்து படகோட்டி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.