ஊற்று நீரும் மலைப்பாறையும் காட்டு விலங்கும்

மலைநாட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை என்பது சமவெளியில் வசிப்போரின் எண்ணம். இரு பருவமழையும் காணும் நீலகிரியில், ஊற்றடியில் குடங்கள் வரிசையாகக் காத்திருக்கும் என்று சொன்னால் அவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். ஜெகதளாவிலும், அதனையடுத்த அருவங்காடு, வெல்லிங்டன், கேத்தி முதலிய இடங்களைச் சூழ்ந்த ஹட்டிகளிலும் வசிப்போருக்கோ, கோடையில் ஊற்று மெலியும்போது உண்டாகும் கஷ்டத்தைப் பற்றி ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஊற்று ஏன் மெலிகிறது, அதன் நீரில் என்ன கலந்திருக்கிறது, காட்டெருமை ஏன் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி வருகிறது என்னும் மூன்று கேள்விகளும் வெவ்வேறானவைபோல் தோன்றும். ஆராய்ந்து பார்த்தால் மூன்றும் ஒரே சரிவின் விஷயங்களே. இம்மலையில் பல வருஷங்களாக நடந்துவந்த ஆராய்ச்சிகள் இவற்றைப்பற்றிக் கூறுவதைச் சங்கத்து அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

பாறையின் இயல்பு

நீலகிரி மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் ஒருவகைக் கருங்கல்லால் ஆனது. இந்தியப் பூதத்துவ ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு என்பவர் 1893ஆம் வருஷத்தில் இப்பெயரை வழங்கினார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறையில் பதித்த கல் இவ்வகையைச் சேர்ந்ததாதலால், அவர் பெயரே கல்லுக்கும் ஆயிற்று. இப்பாறையின் வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இக்கல் மிகவும் இறுக்கமானது. மணற்கல்லைப்போலத் தன்னுள் நீரை ஏற்றுக்கொள்ளாது. அப்படியானால் ஊற்றுநீர் எங்கே தங்குகிறது? பாறையின் மேல், லட்சக்கணக்கான வருஷங்களாக மழையாலும் வெயிலாலும் மக்கிய ஒரு கனத்த போர்வை இருக்கிறது. நாம் காணும் செம்மண் அதன் மேற்பாகம். அதன் கீழே பாதி மக்கிய கல்லும், அதற்கும் கீழே வெடிப்புகளோடு கூடிய பாறையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் ஒரு பங்கு இப்போர்வைக்குள் மெல்ல இறங்கி, இறுகிய பாறையை அடைந்ததும் மேற்கொண்டு இறங்க வழியின்றிச் சரிவின் போக்கில் நகர்ந்து, தாழ்ந்த ஓரிடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஆகவே பங்குனியில் குடத்தில் விழும் நீர், பல மாதங்களுக்கு முன் மேற்சரிவில் பெய்த மழையே. மேற்சரிவின் மண் கெட்டியாகி மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிவிட்டால், அவ்வருஷம் மழை எவ்வளவு பெய்தாலும் கோடையில் ஊற்றுக்கு ஆதாரம் இராது.

இதே போர்வை அளவுக்கு மீறி நனைந்தால் ஆபத்தும் உண்டு. 2009ஆம் வருஷம் நவம்பர் 10ஆம் தேதி, கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர், அதாவது சுமார் 32 அங்குலம் மழை பதிவாயிற்று. நனைந்து கனத்த மண், கீழுள்ள வழுக்குப்பாறையின்மேல் நிலைகொள்ளாமல் பல இடங்களில் சரிந்தது. அம்மழையில் மாவட்டத்தில் 40 பேருக்குமேல் உயிரிழந்தனர். சரிவைச் செங்குத்தாக வெட்டி வீடும் பாதையும் அமைத்த இடங்களிலும், இயற்கையான ஓடைகளை மண்போட்டு அடைத்த இடங்களிலும் இவ்வித அபாயம் அதிகம். நீர் உள்ளே இறங்குவதற்கும் இடம் வேண்டும். மிகுந்த நீர் வெளியே வடிவதற்கும் வழி வேண்டும்.

நீரில் கரைந்திருப்பவை

மழைத்துளி ஆகாயத்திலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு உட்கொண்டு லேசான அமிலமாகவே பூமியில் விழுகிறது. மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயுவால் அதன் அமிலத் தன்மை இன்னும் சற்று மிகும். அந்நீர் பாறைத் துகள்களோடு கலந்து சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம் முதலிய உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன; அவற்றுள் இரும்பே செம்மண்ணுக்கு நிறத்தைக் கொடுக்கிறது. நீலகிரியில் நெடுங்காலப் பெருமழை, கரையக்கூடிய உப்புகளில் பெரும்பகுதியை முன்னமே கழுவிவிட்டது. ஆதலால் இங்குள்ள ஊற்றுநீர் பொதுவாக மென்னீர். சோப்பு எளிதில் நுரைப்பதும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு அதிகம் பிடிக்காததும் இதற்கு அடையாளம். சமவெளியில் ஆழ்கிணறு தோண்டும் பல ஊர்களில் உப்பும், ஃபுளோரைடும் மிகுந்து பல்லும் எலும்பும் கெடுகின்றன. மென்னீர் ஊற்றை உடைய ஊருக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆனால் தெளிவாய் இருப்பதெல்லாம் சுத்தமான நீர் என்று கொள்ளலாகாது. மென்னீர் சற்று அமிலமாக இருப்பதால் இரும்புக் குழாயை அரித்துத் துருவைக் கொண்டுவரும். இதைவிட முக்கியமானது, ஊற்றுக்கு மேலே மனிதர் செய்யும் காரியம். கழிவறைக் குழியோ, மாட்டுக் கொட்டிலோ, குப்பைமேடோ ஊற்றுக்கு மேற்புறத்தில் இருந்தால், மண்போர்வை வழியாக அதன் அசுத்தம் ஊற்றையே வந்தடையும். தேயிலைக்கும் காய்கறிக்கும் இடும் தழைச்சத்து உரத்தில் பயிர் உண்டதுபோக எஞ்சியது நைட்ரேட்டாக மாறி நீரோடு இறங்குகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அதற்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளின் இரத்தத்துக்குத் தீங்கு நேரும். மலத்திலிருந்து வரும் கிருமியோ 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருக்கலாகாது. நைட்ரேட்டுக்கு நிறமுமில்லை, சுவையுமில்லை. காய்ச்சினாலும் அது போகாது. கிருமி காய்ச்சினால் சாகும். ஆகவே பரிசோதனை இன்றி, கண்ணால் பார்த்து நீரின் தரத்தைத் தீர்மானிக்க இயலாது.

கிளென்மார்கன் பரிசோதனை

மரம் நட்டால் நீர் பெருகும் என்பது எங்கும் சொல்லப்படும் வார்த்தை. எந்த மரம், எந்த நிலத்தில் என்று கேட்டவர்கள், உதகமண்டலத்திலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார். அவர்கள் கிளென்மார்கன் என்னுமிடத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 ஏக்கர் பரப்புள்ள இரண்டு சிறு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டின் ஓடைகளிலும் அளவுத் தடுப்பு கட்டி, 1968 முதல் நீரை அளந்துவந்தார்கள். முதலில் சில வருஷங்கள் எதையும் மாற்றாமல் அளந்து, இரண்டும் மழைக்கு எவ்விதம் நடந்துகொள்கின்றன என்பதை நிச்சயம் செய்துகொண்டார்கள். பின்னர் 1972இல் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் நூற்றுக்கு 59 பங்கு நிலத்தில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றொன்றைப் புல்லும் சோலையும் சதுப்புமாக இருந்தபடியே விட்டார்கள்.

முதல் பத்து வருஷ வளர்ச்சியில், மரம் நட்ட பள்ளத்தாக்கின் ஓடைநீர், நடாதிருந்தால் வந்திருக்கவேண்டிய அளவைக் காட்டிலும் நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. மரத்தை வெட்டியபின் அடிமரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாவது பத்து வருஷத்தில் குறைவு நூற்றுக்கு 25 பங்கை எட்டியது. மழையற்ற மாதங்களில் ஓடும் மெல்லிய நீரே இதில் அதிகம் பாதிக்கப்பட்டது. விரைவாக வளரும் மரம் ஆழமாக வேரோடி, வருஷம் முழுவதும் நீரை உறிஞ்சி இலைவழியே ஆகாயத்துக்கு விடுகிறது. புல்லோ மேல்மண்ணின் ஈரத்தை மட்டும் குடித்து, கோடையில் காய்ந்து அடங்கியிருக்கிறது. வெட்டியபின் துளிர்க்கும் மரத்துக்குப் பழைய வேர் முழுவதும் தயாராக இருப்பதால், அது முன்னிலும் விரைவாக நீரை இழுக்கிறது.

கற்பூர மரத்தைப் பழிப்பது மட்டும் இதன் கருத்தன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜெகதளாவின் பெயராலேயே முதலில் வழங்கிய வெல்லிங்டன் படைவீட்டுக்கும், குன்னூர், உதகை நகரங்களுக்கும் விறகு வேண்டிச் சோலைகள் வெட்டப்பட்ட காலத்தில், எஞ்சிய சோலைகளின்மேல் விழுந்த சுமையை இம்மரமும் சீகை மரமும் குறைத்தன. இன்றும் விறகும் தைலமும் பல குடும்பங்களுக்கு வருமானம். ஊற்றின் தலைப்பில் அம்மரம் நிற்பதற்கும், ஊற்றுக்குச் சம்பந்தமில்லாத சரிவில் நிற்பதற்கும் உள்ள வேற்றுமையையே இப்பரிசோதனை உணர்த்துகிறது. கிளென்மார்கன் புல்வெளி நிலம். தேயிலைச் சரிவில் இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளாமல், ஒவ்வோர் ஊராரும் தங்கள் ஊற்றைத் தாங்களே அளந்து பார்ப்பது தகுதி.

சதுப்பு நிலத்தின் சாட்சி

இம்மலையின் புல்வெளி, காட்டை மனிதர் அழித்ததால் உண்டானது என்று பலர் எண்ணியிருந்தார்கள். அவ்வாறாயின் புல்வெளியில் மரம் நடுவது பழைய நிலையை மீட்பதாகும் அல்லவா? இதற்கு விடை மேட்டுநிலத்துச் சதுப்புகளில் கிடைத்தது. அங்கே செத்த புல்லும் இலையும் முழுவதும் மக்காமல், வருஷம் வருஷமாகக் கரிய அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. மரங்களும், வெப்பநாட்டுப் புற்களிற் பெரும்பாலானவையும் கரியை வெவ்வேறு முறையில் உட்கொள்வதால், அவற்றின் கரியில் கனமான அணுவின் விகிதம் வேறுபடும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார் முதலியோர் அவ்வடுக்குகளை இம்முறையில் ஆராய்ந்து 1993இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 20,000 முதல் 16,000 வருஷங்களுக்கு முன், வறட்சி மிகுந்த காலத்தில், இம்மலையில் புல் ஓங்கியிருந்தது. சுமார் 11,000 வருஷங்களுக்கு முன் மழை மிகுந்தபோது மரவகை பெருகிற்று. உழவும் கோடரியும் இங்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே புல்வெளி இருந்தது என்பது இதனால் தெளிவு. சோலையும் புல்லும் சதுப்பும் சேர்ந்ததே இம்மலையின் இயற்கையான நீர்த்தேக்கம்.

காட்டெருமை இறங்கி வருவது

முழு வளர்ச்சியடைந்த ஆண் காட்டெருமை ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும். இவ்வளவு பெரிய உடலுக்கு நாள்தோறும் ஏராளமான புல்லும் தழையும் தண்ணீரும் வேண்டும். புல்வெளியில் சீகையும், காட்டோரத்தில் உண்ணிச்செடியும் அடர்ந்துவிட்டால் கீழே புல் முளைப்பதில்லை. சதுப்பு வடிகாலிடப்பட்டுத் தோட்டமாகிவிட்டால் குடிநீரும் இல்லை. தேயிலைத் தோட்டத்தின் ஓரங்களிலோ இளம்புல்லும், ஓடையும், காய்கறிப் பாத்தியும் இருக்கின்றன. வேட்டையாடும் புலியின் பயமும் குறைவு. ஆதலால் விலங்கு அங்கே வருவது அதன் பிழைப்புக்காகவே. ஆனால் விடியற்காலை மூடுபனியில் தோட்டத்துக்குச் செல்லும் பெண்ணுக்கும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் அது உயிராபத்தாக முடியக்கூடும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் துன்புறுத்துவது குற்றம். துரத்தினால் மிரண்டு பாயும். கன்றோடு நிற்கும் பசுவையும், தனித்து நிற்கும் காளையையும் நெருங்காமல் வழிவிட்டு விலகுதலே உத்தமம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, ஊற்றை அளத்தல். இதற்குப் பத்து லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். வாரத்தில் ஒரு குறித்த நாளில், வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துச் சங்கத்துப் புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும். 20 விநாடியில் நிறைந்தால் நாளொன்றுக்கு 43,200 லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 785 பேருக்குப் போதும். 50 விநாடி ஆனால் 17,280 லிட்டர். 314 பேருக்கே போதும். பணக்கணக்கு எழுதும் பழக்கமுள்ள சங்கத்துக்கு இந்தக் கணக்கு பாரமாகாது. சில வருஷங்கள் தொடர்ந்தால் ஊற்று மழையால் மெலிகிறதா, மேற்சரிவின் மாறுதலால் மெலிகிறதா என்பது விளங்கும்.

இரண்டாவது, மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் ஊற்றுநீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, நைட்ரேட்டும் கிருமியும் அறிந்துகொள்ளுதல். ஊற்றின் மேற்புறத்தில் கழிவுக்குழி, கொட்டில், உரக்குவியல் இவற்றை வைப்பதில்லை என்று ஊரார் கூடித் தீர்மானித்தல்.

மூன்றாவது, ஊற்றின் தலைப்பிலுள்ள கற்பூர மரங்களை, உரிய அனுமதி பெற்று, ஒரே வருஷத்தில் மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக நீக்குதல். ஒரேயடியாக வெட்டினால் வேர் மக்கிச் சரிவு நிலைகுலையும். வெட்டிய இடத்தில் துளிரை அகற்றி, நிலத்தின் இயல்புக்கேற்பப் புல்லையோ, நாவல் இனம் முதலிய சோலை மரங்களையோ வளர்த்தல். அம்மரங்கள் மெதுவாகவே வளரும். ஆதலால் வருமானத்தை எதிர்பார்க்கும் தனியொருவருக்கு இது நஷ்டம். அந்நஷ்டத்தைத் தண்ணீர் அருந்தும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளவே கூட்டுறவு வேண்டியிருக்கிறது.

நான்காவது, ஊற்றிலிருந்து வழியும் நீரை வீடுகளுக்கு அப்பாலுள்ள ஒரு பள்ளத்தில் தேங்கவிட்டு, காய்கறிக் கழிவை ஊரோரத்தில் கொட்டாமல் இருத்தல். விலங்கின் தாகம் தீர வேறிடம் இருந்தால் அது குழாயடிக்கு வரும் காரணம் ஒன்று குறையும்.

இந்நான்கில் முதலாவதற்குப் பணச்செலவே இல்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அளப்பவர் யார், எழுதுபவர் யார், எந்தக் கிழமை என்று தீர்மானித்து, இந்த ஐப்பசி மழைக்கு முன்னரே கணக்கைத் தொடங்கும் சங்கம், வரும் பங்குனியில் தன் ஊற்றின் நிலையைத் தானே எடுத்துரைக்க வல்லதாகும். பஞ்சாயத்தாரிடமும் அதிகாரிகளிடமும் மனுக் கொடுக்கும்போது, வெறும் குறையைவிட இத்தகைய கணக்கே அதிகம் செல்லும்.