வீட்டு மாடிக்கு எந்த ஹாம் ரேடியோ? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



பிள்ளைக்கு ஹாம் ரேடியோவில் நாட்டம் வந்தால், செட்டுக்குப் பணம் கொடுப்பவர் தகப்பனார்தான். "எந்த செட் வாங்கலாம் அண்ணாச்சி?" என்று நம் உறுப்பினர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அவர்களுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 26-12-2004 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. ஹாம் ஒலிபரப்புக்காக அப்போது போர்ட் பிளேயரில் தங்கியிருந்த திருமதி பாரதி பிரசாத் குழுவினர், தங்கள் செட்டுகளின் மூலம் தீவுகளின் செய்திகளைத் தாய்நாட்டுக்குச் சேர்ப்பித்தார்கள். புயல் மழையில் ஊர் துண்டிக்கப்பட்டால் மக்கள் முதலில் தேடி வருவது மளிகைக் கடையைத்தான். அந்தத் தெருவில் இப்படி ஒரு செட் இருப்பது நல்லதுதானே?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வில் தேறி லைசென்ஸ் பெற்றவரே ஹாம் செட்டில் பேசலாம். அதில் வியாபாரம் பேசுவதற்கு அறவே இடமில்லை. "துவரம்பருப்பு என்ன விலை, லாரி விருதுநகர் தாண்டியதா" என்று கேட்பதுகூட விதிமீறல் ஆகும். குடோனுக்கும் கடைக்கும் இடையே பேச வாக்கி-டாக்கி வேண்டும் என்றால், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் தேவைப்படாத குறைந்த சக்தி செட்டுகள் உண்டு. அரசு அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்து அவற்றை வாங்குக. மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு செட்டை வாங்கி உபயோகித்தாலும், கடையில் வைத்து விற்றாலும் வம்பு நமக்குத்தான்.

லைசென்ஸ் கைக்கு வந்தபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யாரோடு பேசப் போகிறோம்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். இடையில் பெரிய மலை கிடையாது. இந்தத் தூரத்துக்கு 144–146 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 5 வாட் கைச்செட்டே போதும். ஆனால் கல்லாவில் உட்கார்ந்து பேசினால் சுவர் மறைக்கும். மாடியில் ஏரியல் வேண்டும். இந்த அலை நேர்கோட்டில் செல்வது. ஆகவே மேற்கே மலைத்தொடரைத் தாண்டிக் கேரளத்துக்குப் பேச இதை நம்ப வேண்டாம்.

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் என்று பேச ஆசைப்பட்டால் 7 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். இந்த அலை மேலே சென்று, வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்குகிறது. பகலில் சில நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு இது ஏற்றது. செங்குத்தாக ஏறி இறங்கும் அலைக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒரு தடை அல்ல.

அடுத்தது வாட் கணக்கு. 100 வாட் செட்டைப் பார்த்ததும் அதுவே உயர்ந்தது என்று தோன்றும். 10 வாட்டை 100 வாட் ஆக்கினால் சக்தி பத்து மடங்கு. ஆனால் எதிர்முனையில் உள்ளவரின் மீட்டரில் முள் இரண்டு புள்ளிகூட ஏறாது. செலவோ பலமடங்கு ஏறும். 100 வாட் செட் பேசும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். 10 வாட் செட்டுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் போதும். கரண்ட் போன இரவில் சிறிய பேட்டரியை வைத்துக்கொண்டு எந்த செட் ஓடும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

சிறிய செட்டுகளில் நம் நாட்டுச் சரக்கும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த திரு. அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட், எளிதில் கிடைக்கும் மலிவான உதிரிபாகங்களைக் கொண்டே செய்துகொள்ளும்படி அமைந்தது. பிட்எக்ஸ்-40 என்பது 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 7 வாட் தருவது. அதன்பின் வந்த மைக்ரோ பிட்எக்ஸ் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும். கைவேலை தெரிந்த பிள்ளைக்கு இவை நல்ல பள்ளிக்கூடம். கடையில் வாங்கியதும் ஓட வேண்டும் என்பவர்களுக்கு ஜப்பானிய ஐகாம் ஐசி-705 உண்டு. தன் பேட்டரியில் 5 வாட், வெளி சப்ளையில் 10 வாட் தரும். 144 மெகாஹெர்ட்ஸும் அதிலேயே அடக்கம். விலை அதிகம். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் சுங்க வரியையும் இறக்குமதி அனுமதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம்.

செட்டைவிட முக்கியமானது ஏரியல். 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் செம்புக்கம்பி. நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இழுத்துக் கட்டி, நடுவிலிருந்து கேபிளை இறக்க வேண்டும். மின்சாரக் கம்பிக்கு அருகில் கட்டவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

கேபிளிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால், 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் கால் பங்கு சக்தி வீணாகும். 144-லோ முக்கால் பங்கு வரை கேபிளிலேயே போய்விடும். பணம் கொடுத்து வாங்கிய வாட் அப்படி ஒழுகலாமா?

கடைசியாக, இரைச்சல். இன்வெர்ட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு, மொபைல் சார்ஜர் எல்லாம் சிற்றலையில் இரைச்சல் கிளப்பும். செட் வாங்கும் முன்பே, பேட்டரியில் ஓடும் ஒரு சிற்றலை ரேடியோவை மாடிக்கு எடுத்துச் சென்று கேளுங்கள். மெயின் சுவிட்சை அணைத்ததும் இரைச்சல் அடங்கினால் குற்றம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை வாட் வாங்கினாலும், நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது.

ஆகவே வாங்கும் வரிசை இதுதான்: முதலில் லைசென்ஸ், பிறகு கம்பியும் கேபிளும், அடுத்து பேட்டரி, கடைசியில் செட். வாங்கியபின் வாரம் ஒருநாளாவது கரண்டை நிறுத்திவிட்டு, பேட்டரியில் பேசிப் பழக வேண்டும். பீரோவில் பூட்டி வைத்த செட் புயல் நாளில் உதவாது.