15 வயசு வண்டியில் குமுளி மலை ஏறலாமா? கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை!

பொங்கல் லீவுக்கு சென்னையில் இருந்தோ பெங்களூருவில் இருந்தோ ராயப்பன்பட்டிக்கு வந்து இறங்குகிறீர்கள். ஷெட்டில் அப்பாவின் பழைய வண்டி நிற்கிறது. திராட்சைத் தோட்டத்துக்கும் உத்தமபாளையம் சந்தைக்கும் மட்டும் ஓடிய வண்டி. நண்பர்கள் சேர்ந்ததும் "அப்படியே தேக்கடி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்று பிளான் ஆரம்பிக்கும். சாவியைப் போட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. அப்புறம் என்ன, கிளம்பிட வேண்டியதுதானே?

கொஞ்சம் பொறுங்கள். சமவெளியில் ஒழுங்காக ஓடும் வண்டி, லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஏறி இறங்கும்போதும் அப்படியே ஓடும் என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டி பக்தர்கள் 8 பேர், இதே குமுளி மலைப்பாதையில் வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்து உயிரிழந்தனர். இந்தப் பாதையில் சின்னத் தவறுக்கும் இடமில்லை. விடியற்காலையில் கேரள ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும் இப்படிப்பட்ட மலைப்பாதைகளை நம்பித்தான் தினமும் ஓடுகின்றன.

ஏறும்போது இல்லாத ஆபத்து இறங்கும்போது ஏன்?

ஏறும்போது கஷ்டம் இன்ஜினுக்கு. இறங்கும்போது முழு பாரமும் பிரேக்குக்கு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதிக்க மிதிக்க டிரம், டிஸ்க், லைனிங் எல்லாம் சூடேறும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7% தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 வகையில் இது 205-இல் இருந்து 140-க்கு இறங்கும்.

ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உருவாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் பெடலை மிதித்தால் அது தரை வரை போகும், வண்டி நிற்காது. இதில் இன்னொரு சிக்கல், கீழே இறங்கி வண்டி ஆறிய பிறகு பெடல் பழையபடி ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், "நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு.

தீர்வு பெரிய செலவில்லை. பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை முழுசாக மாற்றிவிட வேண்டும். மேலே டாப்-அப் செய்வது மாற்றியதாக ஆகாது.

வீட்டு வாசலிலேயே செய்யும் பிரேக் டெஸ்ட்

இன்ஜினை ஓடவிட்டு பெடலை அழுத்திப் பிடியுங்கள்.

* பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று புகுந்திருக்கலாம்.
* பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு.
* ஓட்டும்போது பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம்.

இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மலைப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மெக்கானிக்கிடம் சொல்லும்போது "பிரேக் பாருங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன செய்தபோது பெடல் எப்படி இருந்தது என்று சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமா?

இல்லை. எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்த வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே எரிபொருள் கிட்டத்தட்ட நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐடிலில் எரித்துக்கொண்டிருக்கும். பழைய டீசல் ஜீப்பாகவே இருந்து கொஞ்சம் மிச்சமானாலும், முழு வேகமும் பிரேக் தலையில் விழும். இன்ஜினை ஆஃப் செய்து இறக்குவது அதைவிட மோசம். பிரேக் பூஸ்டருக்கும் பவர் ஸ்டீரிங்குக்கும் இன்ஜின் ஓட வேண்டும்.

எந்த கியரில் மேலே ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். டிரைவர்கள் காலம்காலமாகச் சொல்லும் விதி இது.

டயரில் பட்டன் இருக்கே, போதாதா?

போதாது. ஷெட்டிலேயே நின்ற வண்டியின் டயரில் பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றால், 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 6 ஆண்டைத் தாண்டிய டயரை மெக்கானிக்கிடம் காட்டிவிட்டே மலை ஏறுங்கள். கார்களுக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். அதில் காற்று இல்லை என்பது பஞ்சரான பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

இன்ஜின் என்ன சொல்கிறது?

ஏற்றத்தில் இன்ஜின் கொதிப்பதைத் தடுப்பது கூலன்ட். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றினால் அதில் உள்ள உப்பு படிந்து பாதையை அடைக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுவதே சரி. வண்டி சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

இன்ஜின் ஆயிலை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் கூலன்ட் கலந்திருக்கலாம். ஓட்டம் குறைவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும்.

புகையும் தகவல் சொல்லும்:

* நீலம்: இன்ஜின் ஆயில் எரிகிறது.
* கருப்பு: எரிபொருள் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. தோட்டத்து மண் பாதையில் ஓடும் வண்டிகளில் இது சகஜம்.
* சூடான பிறகும் நிற்காத வெள்ளை: கூலன்ட் உள்ளே கசியலாம்.

ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் பானெட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா, ஃபேன் பெல்ட்டிலும் ஹோஸ் பைப்பிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் வண்டியா? இப்போது 20% எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் சொல்லியிருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் உடனே காட்டிவிடுங்கள்.

பேப்பர் சரியா இருக்கா?

சொந்த உபயோக வாகனத்தின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். வயசை மட்டும் வைத்து ஓட்டத் தடை போடும் விதி தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் கார் மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் மேலும் கூடியது. வாடகை வாகனங்களுக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும்.

எஃப்.சி. எடுத்த அன்று வண்டி நன்றாக இருந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. நாளைக்கு இறங்கப்போகும் மலைக்கு அது கேரண்டி கிடையாது.

கிளம்பும் முன் 10 நிமிடம்

1. பிரேக் பெடல், பிரேக் ஆயில் அளவு
2. ஹேண்ட் பிரேக் சரிவில் நிற்கிறதா
3. நான்கு டயர், ஸ்டெப்னி, ஜாக்கி
4. இன்ஜின் ஆயில், கூலன்ட்
5. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர்
6. வண்டிக்கு அடியில் தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா

எல்லாம் சரி என்றால் ஊருக்குள் நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு மலை ஏறுங்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கே ஞாபகம் இல்லையா? அப்படியானால் இன்றைக்குத் தேக்கடி வேண்டாம். வண்டி முதலில் ஒர்க்‌ஷாப் போகட்டும்.