ஆண்களின் மார்பகப் புற்றுநோய்: ஐந்தாண்டு மாத்திரையும் அதன் பக்கவிளைவுகளும்

மார்பகப் புற்றுநோய் பெண்களுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தாலும், ஆண்களின் முலைக்காம்புக்குப் பின்னாலும் சிறிதளவு பால்நாளத் திசு இருப்பதால், அங்கும் அந்நோய் தோன்றக்கூடும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகும் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் ஆண். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் சுமார் 2,700 ஆண்களுக்கு இந்நோய் கண்டறியப்படுகிறது. அறுவை சிகிச்சையும், தேவைப்பட்டோருக்குக் கதிர்வீச்சும் கீமோதெரபியும் முடிந்த பிறகு, இவர்களில் பெரும்பாலானோர் நாளுக்கு ஒரு மாத்திரை வீதம் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உட்கொள்ளவேண்டிய ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்குகின்றனர். நோயின் மற்றக் கட்டங்களைப் பற்றி ஓரளவேனும் பேசப்படுகிறது. ஆனால் இந்த நீண்ட காலத்தில் ஆண்களின் உடலும் மனமும் படும் பாடு பெரும்பாலும் பேசப்படாமலே போகிறது. அந்தப் பாட்டைக் கேட்டறிந்து தணிப்பதும் மாத்திரை எழுதிக் கொடுப்பதற்கு இணையான மருத்துவக் கடமை என்பதை, கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது உணரலாம்.

இச்சிகிச்சையைப் புரிந்துகொள்ள, ஆண் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ன செய்கிறது என்பதை முதலில் அறியவேண்டும். ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்குரிய ஹார்மோன் என்றே அறியப்பட்டிருந்தாலும், ஆண் உடலும் அதை இடைவிடாமல் தயாரிக்கிறது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விரைகளில் நேரடியாகச் சுரக்கிறது. எஞ்சிய பங்கு, கொழுப்புத் திசு போன்ற இடங்களில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி, டெஸ்டோஸ்டிரோன் முதலிய ஆண் ஹார்மோன்களை மாற்றுவதால் உருவாகிறது. 1994இல் மருத்துவ இதழில் பதிவான ஒரு நிகழ்வு இதன் முக்கியத்துவத்தைக் காட்டியது: ஈஸ்ட்ரோஜனின் கட்டளையை ஏற்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதாகியிருந்த 28 வயது ஆண் ஒருவருக்கு, டெஸ்டோஸ்டிரோன் போதிய அளவு இருந்தும், எலும்பின் வளர்முனைகள் மூடாமல் உயரம் கூடிக்கொண்டே சென்றது, எலும்புகளோ அடர்த்தி குன்றி நலிந்திருந்தன. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 20 முதல் 50 வயது வரையிலான ஆரோக்கியமான ஆண்கள் ஏறத்தாழ 400 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு, தசையின் அளவும் வலுவும் டெஸ்டோஸ்டிரோனைச் சார்ந்திருக்க, உடற்கொழுப்பு கூடுவதற்கு ஈஸ்ட்ரோஜன் குறைவே காரணமாகிறது என்றும், பாலுறவு நாட்டத்துக்கு இரண்டுமே தேவை என்றும் நிறுவியது. ஆகவே ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் எந்த மருந்தும் ஆண் உடலில் மார்பைத் தாண்டிப் பல இடங்களைத் தொடும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே.

ஆண்களின் மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளைக் கொண்டவை. அதாவது, அந்த ஹார்மோனின் தூண்டுதலைக் கொண்டு வளர்பவை. அந்தத் தூண்டுதலை மறிக்கும் மருந்துகளில் முதன்மையானது டமாக்சிஃபென். 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில், கருத்தடை மருந்து தேடும் முயற்சியின்போது டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கிய இச்சேர்மம், அந்த நோக்கத்துக்குப் பயன்படாமற்போனாலும், மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டு, அதன் முடிவுகள் 1971இல் வெளிவந்த பின், புற்றுநோய் மருந்தாக மறுவாழ்வு பெற்றது. ஏற்பியில் ஈஸ்ட்ரோஜனுக்கு முன்பே சென்று அமர்ந்து அதன் வழியை அடைப்பது இம்மருந்தின் செயல்முறை. பெண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஐந்தாண்டு டமாக்சிஃபென் சிகிச்சை மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பது உறுதியானது. ஆண்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களுக்கென அத்தகைய பெருஞ்சோதனை நடைபெறவில்லை; பெண்களிடம் கிடைத்த சான்றும், ஆண் நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் பின்னோக்கிப் படித்ததில் தெரிந்த பயனும் சேர்ந்தே, நாளுக்கு 20 மில்லிகிராம் டமாக்சிஃபென்னை ஆண்களுக்கும் முதல் தேர்வாக ஆக்கின.

மருந்தின் பயனைப் போலவே அதன் துன்பங்களும் பெண்களை வைத்தே முதலில் அளக்கப்பட்டன. ஆண்களைப் பற்றிய தொடக்கப் பதிவுகளில் ஒன்று, நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்திலிருந்து 1994இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்றவர்கள் 24 ஆண்களே என்றாலும், அவர்களில் 15 பேருக்கு ஏதேனும் ஒரு பக்கவிளைவு இருந்தது. ஏழு பேர் பாலுறவு நாட்டம் குறைந்ததாகவும், ஆறு பேர் எடை கூடியதாகவும், ஐந்து பேர் திடீர் உடற்சூடு ஏற்பட்டதாகவும் கூறினர். ஐந்து பேர் ஓராண்டுக்குள் மாத்திரையை நிறுத்திவிட்டனர். 2012இல் டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 64 ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலும், பாதிக்கு மேற்பட்டோர் பக்கவிளைவுகளை அனுபவித்ததும், ஐவரில் ஒருவர் அவற்றைத் தாங்க முடியாமல் மருந்தைக் கைவிட்டதும் தெரியவந்தன. கால் தசைப்பிடிப்பு, எலும்பு வலி, பார்வைக் கோளாறு, நினைவும் கவனமும் மங்குதல், ரத்த உறைவு, பாலுறவுக் குறைபாடு ஆகியவை அவர்கள் மருந்தைக் கைவிட்டதற்கான காரணங்களாகப் பதிவாயின.

இவற்றுள் ஆண்கள் சற்றும் எதிர்பாராதது திடீர் உடற்சூடு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் அமைப்பு, ஈஸ்ட்ரோஜனின் செய்தி தடைபடும்போது அளவுக்கு மீறிக் கூர்மையாகி, மிகச் சிறிய வெப்ப ஏற்றத்தையும் பெருஞ்சூடாகக் கொண்டு, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறி, முகம் சிவந்து, சில நிமிடங்களில் சட்டை நனைந்து, பின்னர் உடல் குளிர்ந்து நடுங்குவது அதன் வழக்கமான போக்கு. இரவில் அது வரும்போது படுக்கை விரிப்பு நனைந்து தூக்கம் கலைகிறது; தூக்கம் கலைந்த இரவுகள் தொடரும்போது பகலில் சோர்வும் எரிச்சலும் மனத்தளர்ச்சியும் கூடுகின்றன. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்கள் படுவது என்று மட்டுமே அறிந்திருந்த ஒன்று தமக்கு நேரும்போது, பல ஆண்களுக்கு அதை என்ன பெயர் சொல்லிக் குறிப்பிடுவது என்றே தெரிவதில்லை.

வெளியே சொல்லத் தயங்கும் துன்பங்களில் பாலுறவுக் குறைபாடு முதலிடம் பெறுகிறது. நாட்டம் குறைவது, விறைப்புத்தன்மை தளர்வது ஆகியவற்றை முதுமையின் மேலோ கவலையின் மேலோ ஏற்றிப் பேசாமல் விடுவது எளிது. இந்நோய் கண்டறியப்படும் ஆண்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள் என்பதால், கேட்கவேண்டிய மருத்துவரும் கேட்காமல் விட்டுவிடுகிறார். உயிருக்கே ஆபத்தாகக்கூடியது ரத்த உறைவு. டமாக்சிஃபென் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுவதால், கால் நாளங்களில் உறைகட்டி தோன்றி, அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். ஜெர்மனியில் ஆண் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு, இந்த ஆபத்து முதல் 18 மாதங்களில்தான் மிகுதி என்று காட்டியது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பதோ, திடீரென மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வருவதோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்கக்கூடாத அறிகுறிகள்.

அரோமடேஸ் நொதியையே முடக்கும் அனஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மருந்துகள் மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பெரிதும் பயன்படுபவை; ஆண்களிடம் அவை தனித்து அதே பயனைத் தருவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததை உணரும் மூளை, விரைகளை மேலும் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைப் பெருக்குவதும், விரைகளின் நேரடிச் சுரப்பை அரோமடேஸ் தடுப்பு முழுமையாக அடக்காததும் இதற்குக் காரணங்கள். எனவே ரத்த உறைவு போன்ற காரணங்களால் டமாக்சிஃபென் ஏற்காதவர்களுக்கு அரோமடேஸ் தடுப்பானைக் கொடுக்கும்போது, மூளையின் தூண்டுதலை அடக்கும் ஜி.என்.ஆர்.எச். வகை ஊசியையும் சேர்க்கவேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. இந்தச் சேர்க்கை எளிதானதன்று. ஜெர்மனியில் 56 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட சோதனையில், ஜி.என்.ஆர்.எச். ஊசி சேர்ந்த இரு குழுக்களிலும் ஈஸ்ட்ரோஜன் பெரிதும் குறைந்தது. அதனுடன் பாலுறவுத் திறனும் வாழ்க்கைத் தரமும் சரிந்தன. டமாக்சிஃபென் மட்டும் உட்கொண்ட குழுவில் ஆறு மாத அளவில் அத்தகைய சராசரிச் சரிவு தென்படவில்லை. சராசரியில் சரிவில்லை என்பதால் எவருக்குமே பாதிப்பில்லை என்று பொருளாகாது; ஆயினும் எந்த மருந்து எதைப் பறிக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல இச்சோதனை மருத்துவர்களுக்கு உறுதியான அடிப்படையைத் தந்துள்ளது.

சொல்லப்படாத துன்பத்தின் விளைவு, மருந்து அமைதியாகக் கைவிடப்படுவதே. சீனாவில் 116 ஆண்களைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வில், முதலாண்டில் மருந்தை முறையாக உட்கொண்டவர்கள் 65 விழுக்காட்டினராக இருக்க, ஐந்தாம் ஆண்டில் அந்த விகிதம் 18 விழுக்காடாகச் சுருங்கியது; முறையாக உட்கொள்ளாதவர்களின் உயிர்வாழும் வாய்ப்பும் தெளிவாகக் குறைந்திருந்தது. இதை நோயாளிகளின் பொறுப்பின்மை என்று கூறி ஒதுக்குவது அநீதி. மார்பகச் சிகிச்சைப் பிரிவுகளின் பெயர்ப்பலகை முதல் காத்திருப்புக் கூடம் வரை அனைத்தும் பெண்களை எண்ணியே அமைக்கப்படுகின்றன. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் விளக்கத்தாளைப் பிரித்தால், மாதவிடாய் மாற்றங்கள், பிறப்புறுப்புக் கசிவு, கருப்பைப் புற்றுநோய் எச்சரிக்கை என்று வரிசையாக வருகின்றனவே ஒழிய, ஓர் ஆண் தனக்கு நேர்வதைத் தேடிக் கண்டுகொள்ள அதில் அதிகம் இல்லை. அமெரிக்க மேலவையின் முன்னாள் உறுப்பினர் எட்வர்ட் புரூக், 2002இல் தமக்குக் கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோயை மறுஆண்டு வெளிப்படையாக அறிவித்து, ஆண்களும் தங்கள் மார்பைச் சோதித்துக்கொள்ள வேண்டுமென்று வலியுறுத்தியது, அந்த மௌனத்தை உடைத்த முக்கியமான செயல். மருந்துச் சோதனைகளிலிருந்து ஆண்களைக் காரணமின்றி விலக்கக்கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் அறிவுறுத்தியது, அதே திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடுத்த அடி.

இத்துன்பங்களில் பலவற்றுக்கு வழி உண்டு என்பதை நோயாளிகள் அறிந்திருப்பது அவசியம். கடுமையான உடற்சூட்டைத் தணிக்க வென்லாஃபாக்சின் போன்ற மருந்துகள் உதவுகின்றன. ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் பராக்சிடின், ஃபுளூவாக்சிடின் ஆகியவை, டமாக்சிஃபென்னை அதன் வீரியமான வடிவமாக மாற்றும் கல்லீரல் நொதியை முடக்குவதால், அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. விறைப்புக் குறைபாட்டுக்குச் சில்டெனாஃபில் வகை மருந்துகளை, இதய நிலையைச் சோதித்த பின், மருத்துவர் பரிந்துரைக்க இயலும். ஆண்மைக் குறைவு என்று எண்ணி டெஸ்டோஸ்டிரோன் ஊசியையோ பசையையோ நாடுவது பெருந்தவறு. அது உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறக்கூடும் என்பதால், இந்நோய் கண்ட ஆண்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று மேற்சொன்ன அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்க வழிகாட்டுதல் தெளிவாகக் கூறுகிறது. முறையான நடைப்பயிற்சியும் தசைப்பயிற்சியும் எடையையும் சோர்வையும் கட்டுப்படுத்துகின்றன, ஜி.என்.ஆர்.எச். ஊசி பெறுபவர்கள் எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்; பார்வையில் மாற்றம் தெரிந்தால் கண் மருத்துவரை அணுகவேண்டும். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாதபோது, மாற்று மருந்துக்குச் செல்லும் வாய்ப்பும் இருக்கிறது.

இந்த வாய்ப்புகள் அனைத்தும், நோயாளி வாய்திறந்து சொல்லும்போதே கைக்கு எட்டுபவை. ஆகவே இம்மாத்திரையை உட்கொள்ளும் ஆண்கள் தாமாக அதை நிறுத்திவிடாமல், தூக்கம், மனநிலை, பாலுறவு, கால் வீக்கம் என எதுவாயினும் கூச்சமின்றி மருத்துவரிடம் கூறவேண்டும். உடன் வரும் மனைவியோ மக்களோ உடன்பிறந்தோரோ அதற்குத் துணைநிற்க வேண்டும். மருத்துவர்களும் ஒவ்வொரு சந்திப்பிலும் இவற்றைத் தாமே முன்வந்து கேட்கவேண்டும். ஐந்தாண்டு மாத்திரையை இறுதிவரை உட்கொள்ள முடிந்தால்தான் அது உயிர்காக்கும் மருந்து.