பழுது நினைவகத்தில், பழி இயங்குதளத்தின் மீது

வேகம் குறைந்த பழைய கணனிக்கு நினைவகத்தைக் கூட்டினால் அது புத்துயிர் பெறும் என்பது பொதுவான நம்பிக்கை. அது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் புதிய நினைவகத் தகட்டைப் பொருத்திய மறுநாளே நீலத்திரை தோன்றுவதும் கணனி தானாக நின்று மீண்டும் இயங்குவதும் உண்டு. உடனே, "விண்டோஸ் கெட்டுவிட்டது, அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும்" என்று தீர்ப்பு வழங்கப்படுகின்றது. இத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்பதே எமது கருத்தாகும்.

2020 ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஒரு கணனியின் அருமையை மலையகம் நன்குணர்ந்தது. நானுஓயாவின் தோட்டக் குடும்பமொன்று வாங்கிய பழைய மடிகணனியில் பிள்ளையின் பாடக்குறிப்புகளும் ஒப்படைகளும் இருக்கும். அதனைத் திருத்த நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ செல்வதென்றால் ஒருநாள் வேலையும் சம்பளமும் போய்விடும். அத்தனைக்கும் பிறகு கோப்புகளும் அழிக்கப்பட்டால் இழப்பு இரட்டிப்பாகின்றது.

இயங்குதளம் தன் கட்டளைகளை நினைவகத்தில் வைத்தே இயங்குகின்றது. அங்கு ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் அது நிலைகுலையலாம். புதிதாக நிறுவும்போதும் கோப்புகள் அதே நினைவகத்தின் ஊடாகவே வன்தட்டைச் சென்றடைகின்றன. எனவே, பழுதான தகட்டை வைத்துக்கொண்டு மீள நிறுவுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். நினைவகப் பழுது அபூர்வமானதுமல்ல. கூகுள் நிறுவனத்தின் சேவையகங்களை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வொன்று, ஓராண்டில் நூற்றுக்கு 8 இற்கும் அதிகமான தகடுகள் பிழை காட்டியதாகக் கண்டறிந்தது.

பொருத்தமின்மையும் ஒரு காரணமே. டிடிஆர்3 தகடு டிடிஆர்4 இற்குரிய இடத்தில் பொருந்தாது. வெட்டு வேறு இடத்திலுள்ளது. ஆனால் 1.5 வோல்ட் டிடிஆர்3 தகடும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் தகடும் வடிவில் ஒன்றே. 1.35 வோல்ட்டை மட்டுமே வழங்கும் மடிகணனியில் முன்னையதைச் செருகினால் அது இயங்காமலோ இடையிடையே நின்றோ போகலாம். வாங்கும் முன் பழைய தகட்டின் ஒட்டுத்தாளைப் படித்துக் கொள்வது நன்று.

பரிசோதனை எளிதானது. கணனியை முழுமையாக நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, மின்கலத்தைக் கழற்றுக. உலோகமொன்றைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிய பின், புதிய தகட்டை மட்டும் அகற்றுக. பழைய தகட்டுடன் கணனி சீராக இயங்கினால் முதலில் கோப்புகளைப் பிரதி செய்து கொள்ளவும். அடுத்து, புதிய தகட்டைத் தனியே ஒவ்வோர் இடத்திலும் பொருத்தி, விண்டோஸிலேயே உள்ள 'மெமரி டயக்னோஸ்டிக்' சோதனையை அல்லது இன்னும் நுணுக்கமான 'மெம்டெஸ்ட்86' சோதனையைப் பல சுற்றுகள் நடத்துக.

எவ்விடத்திலும் பிழை வந்தால் தகடே பழுது. உத்தரவாதச் சீட்டுடன் கடைக்குத் திருப்புக. ஓரிடத்தில் மட்டும் வந்தால் அவ்விடத்தை ஐயுறுக. மூடுபனி நிறைந்த இப்பகுதியில் ஈரலிப்பும் தூசும் அங்கு படிந்திருக்கலாம். தனித்தனியே நன்றாயிருந்து, இணைந்தால் மட்டும் பிழை வந்தால் அவை ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. பிழை எதுவுமின்றியும் கணனி நிலைகுலைந்தால் மாத்திரமே இயங்குதளத்தின் மீது பழி சுமத்தலாம்.

பழுதுபார்ப்பவரிடம் கையளிக்கும்போது, "அழிக்கும் முன் நினைவகத்தைச் சோதியுங்கள்" என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. அது வாடிக்கையாளரின் உரிமையே.