பல நாடிகள் ஒடுங்கிய மாரடைப்பு: சிகிச்சை வழிகளும் மலையகத் தோட்டங்களும்

மலையகப் பெருந்தோட்ட மக்களின் நலவியல் பற்றிப் பேசுவோர் குருதிச்சோகை, மந்தபோசணை, மகப்பேற்று மரணம் என்பவற்றையே பெரிதும் கவனத்திற் கொள்வர். மாரடைப்பு வசதி படைத்த நகரத்தாரின் நோய் என்ற எண்ணம் எம்மிடையே இன்னும் முற்றாக அகன்றுவிடவில்லை. ஆனால் அதற்கு வழிவகுக்கும் புகையிலை, உயர் குருதியமுக்கம், நீரிழிவு ஆகியன லயன் அறைகளுக்கு அந்நியமானவை அல்ல.

இதயத்தசைக்குக் குருதி வழங்கும் முடியுரு நாடிகளுள் ஒன்று குருதியுறைவினால் திடீரென அடைபடுவதே மாரடைப்பு. பாதிக்கப்பட்டோர் பலரிடம், அடைபட்ட நாடியைத் தவிர வேறு நாடிகளும் ஒடுங்கியிருக்கக் காணலாம். ஆகவே இரு வினாக்கள் எழுகின்றன. அடைபட்ட நாடியை எவ்வாறு விரைந்து திறப்பது? ஏனையவற்றை என் செய்வது?

முதல் வினா நேரத்தைப் பொறுத்தது. பலூன் செலுத்தி, ஸ்டென்ட் பொருத்தி நாடியைத் திறப்பதே சிறந்த வழி. நோய் கண்டறியப்பட்டதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் அது இயலாதெனின், தடையேதும் இல்லாதவர்களுக்கு உறைவைக் கரைக்கும் மருந்தை உடனே ஏற்றி, பின்னர் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்றைய மருத்துவ நெறி. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 77 கிலோமீற்றர் மலைப்பாதை. தோட்டத்திலிருந்து பெருவீதியை அடையும் நேரம் இதற்குப் புறம்பானது. எனவே அருகிலுள்ள வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுக்கவும் அம்மருந்தை ஏற்றவும் இயலுமா என்பதே பலரது வாழ்வைத் தீர்மானிக்கின்றது.

இரண்டாம் வினாவுக்கு 2019இல் வெளியான 'கம்ப்ளீட்' ஆய்வு தெளிவான விடை தந்தது. 31 நாடுகளைச் சேர்ந்த 4041 நோயாளரை அது ஆராய்ந்தது. அடைபட்ட நாடிக்கு மட்டும் சிகிச்சை பெற்றோரில் 10.5 சதவீதத்தினர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் இதயநோயால் இறந்தனர் அல்லது மீண்டும் மாரடைப்புக்கு உள்ளாயினர். ஒடுங்கிய ஏனைய நாடிகளுக்கும் ஸ்டென்ட் பெற்றோரில் இது 7.8 சதவீதமே. இவ்வேறுபாடு பெரும்பாலும் மீள வரும் மாரடைப்பு குறைந்ததனால் ஏற்பட்டதாகும். மரணம் மட்டும் தெளிவாகக் குறைந்ததாகக் கூற முடியாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. இதயம் தளர்ந்து குருதியமுக்கம் வீழ்ந்த அதிர்ச்சி நிலையில் எல்லா நாடிகளையும் ஒரே வேளையில் திறக்க முனைவது தீங்காகலாம் என்பதை 2017இல் வெளியான 'கல்ப்ரிட் ஷொக்' ஆய்வு காட்டியது. இடப்பக்கப் பிரதான நாடி ஒடுங்கியிருப்பின், அல்லது ஒடுக்கங்கள் சிக்கலானவையாயின், பைபாஸ் சத்திரசிகிச்சை பற்றியும் ஆலோசிக்க வேண்டும்.

'கம்ப்ளீட்' ஆய்வின் மற்றொரு முடிவு மலையகத்துக்கு மிக முக்கியமானது. இரண்டாம் சிகிச்சையை முதல் அனுமதியின்போதே செய்தாலும், வீடு சென்றபின் 45 நாட்களுக்குள் செய்தாலும் பயன் ஏறத்தாழ ஒன்றே. மருத்துவம் இவ்வாறு அவகாசம் அளிக்கின்றது. தோட்ட வாழ்க்கை அதனை அளிக்கின்றதா? நாட்சம்பளத்தில் வாழும் தொழிலாளிக்கு மீண்டும் கண்டிக்குச் செல்வதென்பது பல நாட்களின் 'பேர்' இழப்பு, துணைக்கு வருபவரின் 'பேர்' இழப்பு, பயணச் செலவு. நெஞ்சுவலி நீங்கியவர் மலையேறிக் கொழுந்து பறிக்கத் திரும்பிவிடுகின்றார். ஒடுங்கிய நாடியோ அவ்வாறே இருக்கின்றது.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக வைத்தது. அதனால் அது நாட்டின் பொதுச் சுகாதார சேவையினின்றும் நெடுங்காலம் விலகி நின்றது. அண்மைக்கால முன்னேற்றங்களை நாம் மறுக்கவில்லை. 2016இல் ஆரம்பித்த '1990 சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. 2017இல் டிக்கோயாவில் இந்திய உதவியுடன் அமைந்த வைத்தியசாலை திறக்கப்பட்டது.

எனினும் கட்டடமும் வாகனமும் மட்டும் போதா. இரண்டாம் சிகிச்சைக்கான திகதி முதல் அனுமதியிலேயே குறிக்கப்படல் வேண்டும். தமிழில் எழுதிய விளக்கம் நோயாளியின் கையில் இருத்தல் வேண்டும். அந்நாட்களுக்குச் சம்பளம் உறுதிசெய்யப்படல் வேண்டும். இவை இன்றேல், ஆய்வு கண்ட 45 நாள் அவகாசம் மலையகத் தொழிலாளிக்குக் கைவிடப்பட்ட 45 நாட்களாகவே முடியும்.