பாலைவனத்தைப் படிக்கும் பெரியவர்கள்



பாலைவனம் என்று சொன்னவுடன் நம் கண்முன் என்ன வந்து நிற்கிறது? மணல்மேடு, ஒட்டகம், ஒரு பேரீச்ச மரம். என் வகுப்புப் பிள்ளைகளிடம் படம் வரையச் சொன்னாலும் இந்த மூன்றையும்தான் வரைகிறார்கள். இன்று நான் சொல்லப்போகும் பாலைவனமோ வேறு மாதிரியானது. அங்கே மணல்மேடு குறைவு. செடிகொடிகளும் பறவைகளும் மிருகங்களும் ஏராளம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தெற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்து கிடக்கும் சொனோராப் பாலைவனம் அது. ஏறக்குறைய 1 லட்சம் சதுர மைல் பரப்பு. அதில் டூசான் என்றொரு நகரம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தால் அங்கே ஏறக்குறைய 11 அங்குல மழைதான். நம் தோட்டத்தில் ஒரு மாத அடைமழையில் அவ்வளவும் பெய்துவிடும்.

அந்தக் கொஞ்ச மழையை நம்பி வாழ்கிற ஒரு தாவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சகுவாரோ என்று பெயர். எழுத்துப்படி நாம் அப்படிச் சொல்கிறோம். அவ்வூர் மக்கள் வாயில் ‘சவாரோ’ என்றே வருகிறது. கள்ளி இனம். மனிதன் இரு கைகளையும் உயர்த்தி நிற்பது போன்ற தோற்றம். 40 அடிக்கும் மேல் வளரும். 150 ஆண்டுகளுக்கும் மேல் வாழும். ஆனால் வளர்ச்சியோ ஆமை வேகம். விதை முளைத்து எட்டு ஆண்டுகள் ஆன பிறகும் ஓரிரு அங்குலம்தான் இருக்கும். முதல் கிளை விடுவதற்கு 50 முதல் 70 ஆண்டுகள். வறண்ட இடமானால் 100 ஆண்டுகள்கூட ஆகும். இளங்கன்று வெயிலில் கருகாமல் இருக்க, பாலோ வெர்டே போன்ற ஒரு மரத்தின் நிழல் வேண்டும். அம்மரத்தைச் ‘செவிலி மரம்’ என்றே அழைக்கிறார்கள். சகுவாரோவின் பூ இரவில் மலர்கிறது; வௌவால் வந்து தேன் குடிக்கிறது. மரங்கொத்தி அதன் உடலில் துளையிட்டுக் கூடு வைக்கிறது. மரங்கொத்தி காலிசெய்த வீட்டில் சின்னஞ்சிறு ஆந்தை குடியேறுகிறது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான தொஹோனோ ஓதாம் மக்கள் கோடையில் நீண்ட கழிகொண்டு அதன் பழத்தைப் பறித்துப் பாகு காய்ச்சுகிறார்கள். சகுவாரோவை அவர்கள் செடியாக எண்ணுவதில்லை. மனிதரில் ஒருவராகவே மதிக்கிறார்கள்.

இத்தகைய நிலத்தைக் காப்பது யார்? அரசாங்கத்துக் காவலர்கள் இருக்கிறார்கள். ஆனால் மலையும் பள்ளத்தாக்குமான அவ்வளவு பெரிய நிலத்தைச் சில பேர் சுற்றிப்பார்த்து முடியுமா? ஆகவே அங்கே வேறொரு வழி கண்டார்கள். தையல்காரர், தபால்காரர், ஓய்வு பெற்ற தாதி, லாரி ஓட்டுநர் என யாராக இருந்தாலும், ஆர்வமுள்ள பெரியவர்களைச் சேர்த்து இயற்கையைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். பட்டம் தேவையில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய இத்தகைய திட்டம் ஒன்றில் 40 மணி நேரப் பயிற்சி. அதன்பின் ஆண்டுதோறும் 40 மணி நேரத் தொண்டும் 8 மணி நேர மேற்பயிற்சியும் செய்தால்தான் அந்தத் தகுதி நிலைக்கும். அரிசோனாவிலும் இதுபோன்ற வகுப்புகள் நடக்கின்றன.

ஒரு குறையையும் மறைக்கக்கூடாது. இவ்வகுப்புகளில் பெரும்பாலும் கட்டணம் உண்டு. பகல் நேரமும் வேண்டும். ஆகவே வந்து சேர்பவர்களில் ஓய்வு பெற்றவர்களே மிகுதி. வேலைக்குப் போகும் ஏழைக் குடும்பத்தார் குறைவு. இது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வெயிலில் நின்று உழைக்கிறவனுக்குத்தானே மண்ணை முதலில் தெரியும்?

வகுப்பில் என்ன கற்பிக்கிறார்கள்? பாறை, மழை, மண், பூச்சி, பறவை, பூர்வகுடிகளின் வரலாறு. ஆனால் பாதிப் பாடம் நடந்துகொண்டேதான். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது கரும்பலகையில் எழுதும் முறைக்கே பல வாரங்கள் செலவிட்டோம். பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று ஒரு செடியின் முன் நிற்கவைப்பது எப்படி என்று எவரும் சொல்லித்தரவில்லை. இவர்களோ முதலில் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் பழக்குகிறார்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். அப்பாலைவனத்தில் ஓர் ஆமை உண்டு. பாதையில் அதைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? “ஐயோ பாவம்” என்று தூக்கி நிழலில் விடத் தோன்றும். அது பெரும் தீங்கு. அந்த ஆமை மழைக்காலத்தில் குடித்த நீரைத் தன் சிறுநீர்ப் பையில் சேமித்துவைத்து மாதக்கணக்கில் அதைக்கொண்டு பிழைக்கிறது. அச்சத்தில் அந்நீரை வெளியேற்றிவிட்டால், அடுத்த மழைவரை தாங்காமல் செத்தும் போகலாம். இரக்கப்பட்டுத் தூக்கியவருக்கு இது தெரியவே தெரியாது. கல்வி இல்லாத இரக்கம் என்ன செய்யும் என்று அங்கே முதல் வாரத்திலேயே புரிந்துவிடுகிறது.

இனி, கற்றவர்களின் பெரும் வேலைக்கு வருவோம். அது களையெடுப்பு! ஆம், நம் தாய்மார்கள் அறிந்த அதே களையெடுப்புத்தான்.

சொனோராப் பாலைவனத்தில் ஒரு செடிக்கும் மறு செடிக்கும் இடையே வெற்றுத் தரை கிடக்கும். ஆகவே மின்னல் தாக்கி ஒரு செடி எரிந்தாலும் நெருப்பு அடுத்ததற்குத் தாவாது. இந்த ஏற்பாட்டைக் கெடுக்க ஒரு புல் வந்து சேர்ந்தது. மாட்டுத் தீவனத்திற்காகவும் மண் அரிப்பைத் தடுப்பதற்காகவும் ஆப்பிரிக்காவிலிருந்து அதன் விதையைக் கொண்டுவந்து, 1930-களின் பிற்பகுதியிலிருந்து சோதித்துப் பார்த்தார்கள். பஃபல் புல் என்பது அதன் ஆங்கிலப் பெயர். அந்தப் புல் நமக்கு அந்நியமானது அன்று. கொங்கு நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘கொழுக்கட்டைப் புல்’ என்பார்கள். அதே இனம்தான்! காங்கேயம் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில் மாடு மேய வளர்க்கும் அருமையான புல். மழை பொய்த்தாலும் வேர் சாகாது. அந்த நல்ல குணமே அரிசோனாவில் வினையாகிவிட்டது. வெற்றுத் தரையை நிரப்பிக்கொண்டு புல் பரவுகிறது. காய்ந்தால் வெடிமருந்துபோல் எரிகிறது. நெருப்புக்குப் பின் புல் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது, சகுவாரோ துளிர்ப்பதில்லை. 2005-ஆம் ஆண்டில் அரிசோனா அரசு அதனைத் தீய களை என்று அறிவித்தது.

தீ எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு வேறோர் இடத்துச் செய்தி. 2020 ஜூன் மாதம் பீனிக்ஸ் நகருக்கு வடகிழக்கே ஒரு வாகனத்தில் பிடித்த தீ பரவி, 1,93,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அங்கே தீக்கு இரையானவை வேறு வகை அந்நியப் புற்கள். அழிந்த சகுவாரோக்கள் பல்லாயிரம். நூறாண்டு வளர்ந்தவை நாலைந்து நாளில் போயின.

டூசான் பக்கத்து மலைகளில் 2000-ஆம் ஆண்டு முதலே தொண்டர்கள் கூட்டம் கடப்பாரையோடு ஏறி இந்தக் களையைப் பிடுங்கி வருகிறது. இங்கேதான் பயிற்சி உதவுகிறது. பாலைவனத்திற்கே உரிய நல்ல புற்கள் சில, பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். கண்மூடித்தனமாகப் பிடுங்கினால் நல்லதும் போய்விடும். கதிரை உருவி, எஞ்சிய காம்பை விரலால் தடவிப் பார்க்கவேண்டும்; அரம்போல் சொரசொரப்பாக இருந்தால் பகைவன். பிறகு தூரோடு பெயர்க்கவேண்டும்.

என் தாயார் களையெடுப்புக் கும்பலில் இருந்தவர். “மேலே வெட்டினால் லாலாங் சிரிக்கும்” என்பார். இந்தப் புல்லும் அப்படித்தான். மருந்தடிப்பதும் உண்டு, ஆனால் மழைக்குப் பின் புல் பச்சையாக நிற்கும் சில வாரங்களில் மட்டுமே மருந்து பிடிக்கும். காய்ந்த புல்லில் அடித்தால் மருந்தும் கூலியும் வீண் என்பதை மருந்தடிக்கும் நேயர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிடுங்கிய இடத்தைக் குறித்துவைத்து, மறு ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று திரும்பப் போகிறார்கள். மண்ணில் விழுந்த விதை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்குமாம்.

அவ்வூரில் 1933-இல் காப்பிடமாகவும் 1994-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சகுவாரோப் பூங்காவில் இன்னொரு வேலையும் நடக்கிறது. 1990 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, குறித்த நிலப்பகுதிகளில் சகுவாரோக்களை எண்ணி உயரம் அளக்கிறார்கள். நமக்குக் குடிக்கணக்கு எடுப்பதுபோல் கள்ளிக்கு ஒரு கணக்கு! அதற்குப் பூங்கா ஊழியர்களோடு பொதுமக்களும் பயிற்சி பெற்றுச் செல்கிறார்கள். 2020 கணக்கில் தெரிந்தது என்ன? பெரிய மரங்கள் ஓரளவு நிற்கின்றன. கன்றுகள் மிகக் குறைவு. 1990-களின் நடுவில் தொடங்கிய நீண்ட வறட்சியே பெருங்காரணம் என்கிறார்கள். சாலையில் போகிறவர் கண்ணுக்குக் காடு நன்றாகவே தெரியும். பிள்ளைகள் இல்லாத ஊர் அது என்பது குனிந்து தேடியவர்களுக்கே தெரிந்தது.

கன்றைத் தேடுவது எளிதன்று. செவிலி மரத்தின் அடியில், முட்களுக்கு நடுவே, முழந்தாளிட்டுக் கையால் சருகை விலக்கவேண்டும். கட்டைவிரல் அளவில் ஒன்று கிடைத்தால் இடத்தைக் குறித்து, உயரத்தை அளந்து எழுதுகிறார்கள். எழுதுகிறவர் அறுபது வயதைக் கடந்தவராக இருக்கலாம். அந்தக் கன்று முதல் கிளை விடுவது அடுத்த நூற்றாண்டுக்கு அருகில். அதற்கு முன்னால், 2030-இல், யாராவது ஒருவர் அதே இடத்தில் முழந்தாளிட்டு, அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.